செப்பாலா கல்லூரியை விட்டுப் போனது

ஓவன் செப்பாலாவுக்குப் பதினெட்டு வயது நடந்த ஜூன் மாதத்தில் ஒரு பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி, புது வீரர்களைப் பிடிக்கும் வருடாந்திரத் தேர்வில், அவனை முதல் சுற்றிலேயே, இருபத்திரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த அணி தெற்கே, பனியே விழாத ஒரு நகரத்தில் இருந்தது. எங்கள் ஊரான கார்வின் ஹார்பரில் பேக்கரிக்காரர் தன் கடைக் கண்ணாடியில் சோப்பால் அவன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தார். அதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. யாரும் திருத்தவில்லை. அடுத்த மழையில் அது தானாக அழிந்தது.

தேர்ந்தெடுத்துவிட்டால் உடனே போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. அவன்மீது உரிமை அந்த அணிக்கு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரை அவன் கல்லூரியில் ஆடலாம். போட்டுவிட்டால் கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்தது, திரும்ப வர வழி கிடையாது. ஓவன் எங்கள் கல்லூரிக்கு வந்தான். எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடப் பயணம், ஏரிக்கரையை ஒட்டியே.

அவனும் நானும் மூன்றாவது தெருவில் ஒரு வீட்டின் நிலவறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் பெயர் மார்ட்டி. என்னை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றாவது வரிசையில் இடது பக்கம் ஆடுவேன். அவன், சிறந்தவர்கள் மட்டும் ஆடும் முதல் வரிசையில் இடது பக்கம்.

ஓவன் அதிகம் பேச மாட்டான். ஓட்ஸ் கஞ்சியை நின்றுகொண்டே குடிப்பான். நில அளவை படித்தான். பாடம் அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. வீட்டுப்பாடம் செய்யும்போது மெல்லச் சீட்டியடிப்பான், பனித்தளத்தில் அவன் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. அவன் ஓர் அறைக்குள் நுழைந்தால் அங்கிருந்த பேச்சு நின்றுபோகும். அது மரியாதை என்று அப்போது நாங்கள் நினைத்திருந்தோம். அவனிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போது போகிறாய்?

இரண்டாம் வருடம் முப்பத்தெட்டு ஆட்டங்களில் இருபத்தேழு கோல் அடித்தான். மார்ச் மாதம் தேசியக் கல்லூரிப் போட்டியின் காலிறுதியில் தோற்றோம். அதற்கடுத்த வியாழக்கிழமை அவனைத் தேர்ந்தெடுத்திருந்த தெற்கு அணியிலிருந்து பிரையர் என்பவர் வந்து இறங்கினார். எங்கள் ஊர் சேற்றுப் பனிக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய தோல் காலணி. ஓவனைச் சாப்பிட அழைத்துப் போய், நிதானமாகச் சொன்னாராம்: "இடம் இப்ப காலியா இருக்கு தம்பி. அடுத்த வருஷமும் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

கோச் லாஃப்டஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் இருபது நிமிஷம் ஆடற. அங்க போனா பெஞ்சுல உக்காந்து மத்தவன் ஆடறதப் பாத்துட்டிருப்ப. உடம்பு இன்னும் தேறணும்டா. ஒரே ஒரு வருஷம் இரு." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் பதினேழு வருடமாக ஒரு கோப்பைக்காகக் காத்திருக்கிறவர் என்பதும் ஊருக்கே தெரியும்.

அவன் அம்மா டோனா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பட்டம் வாங்கிவிட்டுப் போ என்றாள், அழுதாள். அப்பா இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். அவர் எதுவுமே சொல்லவில்லை, அதுதான் ஓவனுக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. முடிவெட்டுகிறவர், தபால்காரி, வேதியியல் பேராசிரியர், உள்ளூர் வானொலியில் பேசுகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அவனுக்கு யோசனை சொன்னார்கள். இரண்டு வாரத்தில் அவன் நான்கு கிலோ இளைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவர் துணியும் ஒரே இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

"நீ என்ன நெனைக்கற?" என்று கேட்டான்.

அதுவரை அவன் என்னிடம் கேட்டதே இல்லை. நான் இயந்திரத்தின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போனால் முதல் வரிசையில் இடது பக்கம் காலியாகும். அந்த நினைப்பு எனக்குப் புதிதல்ல. பிரையரின் கார் பனித்தளத்தின் வாசலில் நின்றதைப் பார்த்த நாளிலிருந்தே மனதில் கிடந்தது.

"போடா" என்றேன். "இதுக்குத்தான இத்தன வருஷமா ஆடின. இங்க என்ன இருக்கு?"

அவன் தலையை ஆட்டினான். புதன்கிழமை கையெழுத்துப் போட்டான். வெள்ளிக்கிழமை இரண்டு பைகளோடு கிளம்பிப் போனான். நான்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் எரிவாயுக் கட்டணத்தை யார் பெயருக்கு மாற்றுவது என்பதைப் பற்றியே பேசினோம்.

ஏப்ரலில் பெரிய லீகில் மூன்று ஆட்டம் ஆடினான். ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. இலையுதிர் காலம் வந்ததும், உடம்பு இன்னும் தேற வேண்டும் என்று சொல்லிப் பென்சில்வேனியாவில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். கோச் சொன்ன அதே வார்த்தை.

அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில், மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கான விடுதியில் அவனுக்கு ஓர் அறை. உடன் ஆடுகிறவர்கள் முப்பதை நெருங்கியவர்கள். பயிற்சி முடிந்ததும் மனைவி, குழந்தைகளிடம் போய்விடுவார்கள். அவன் வயதுக்காரர்கள் இரண்டு பேர் செக் மொழியில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மதியம் ஒரு மணிக்கெல்லாம் அவன் நாள் முடிந்துவிடும். அந்த மதியங்களைத்தான் தாங்க முடியவில்லை என்று போனில் சொன்னான். பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் கடை இருந்ததாம். தினமும் அங்கே போய்த் தனக்குத் தேவையே இல்லாத திருகாணிகளைப் பற்றிக் கடைக்காரரிடம் விசாரிப்பானாம். "அந்த ஆளு நான் எங்கயோ வீடு கட்டறேன்னு நெனச்சுட்டிருக்காரு" என்று சிரித்தான்.

அந்த வருடம் முதல் வரிசையில் இடது பக்கம் நான் ஆடினேன். பதினான்கு கோல் அடித்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வருடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓவனின் போன் வரும்போது நான் பெரும்பாலும் பசங்களோடு இருப்பேன். ஒன்றிரண்டு முறை எடுத்தேன். பிறகு அடிக்க விட்டேன். ஜனவரியோடு அவன் அழைப்பதை நிறுத்திக்கொண்டான். ஏப்ரலில் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வென்றோம். கோச் லாஃப்டஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு ஓவனைப் பற்றிச் செய்தித்தாளில் படித்ததுதான். மொத்தம் நாற்பத்தொரு ஆட்டம் பெரிய லீகில். அந்த வசந்தத்திலேயே ஒரு மணிக்கட்டு முறிவு. வேறு அணிக்கு மாற்றினார்கள், அங்கிருந்தும் கீழே அனுப்பினார்கள். ஸ்லோவாக்கியாவில் இரண்டு குளிர்காலம், ஜெர்மனியில் ஒன்று. இருபத்தெட்டு வயதில் இடுப்பில் அறுவை சிகிச்சை. மருத்துவர், நடக்கலாம், ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவன் கார்வின் ஹார்பருக்குத் திரும்பி வந்து, அதே கல்லூரியில் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் அவன் உள்ளே நுழைந்தபோது பேராசிரியர் என்று நினைத்து எல்லோரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்களாம். அவன் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். இரண்டு வருடமும் அதே நாற்காலி. பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலி. பட்டம் வாங்கி, மாவட்டச் சாலைத்துறையில் நில அளவையாளனாகச் சேர்ந்தான்.

நான் அப்போது குளிரில் வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மளிகைக் கடையில் அவனைப் பார்ப்பேன். அவன் கூடையில் எப்போதும் ஒருவருக்கு ஆகிற அளவே இருக்கும். நலம் விசாரிப்போம், நகர்ந்துவிடுவோம். ஒவ்வொரு மார்ச்சிலும், பெரிய அணி குறித்துவைத்த யாராவது ஒருவன் கல்லூரியிலேயே இருப்பதா போவதா என்று தவிக்கும் நேரத்தில், உள்ளூர்ப் பத்திரிகை ஓவனின் கருத்தைக் கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்யும். அவன் வெளியே போயிருப்பதாகச் சொல்லிவிடச் சொல்வான்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை அவனே என்னைக் கூப்பிட்டான். ஏரியோரச் சாலையை அளக்க வேண்டும், கூட வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல், அளவுகோலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றான். போனேன். காலை முழுவதும் அவன் ஒரு முனையில் கருவியோடு, நான் நூறு அடி தள்ளிக் கோலோடு. கையசைத்தால் நகர வேண்டும், கை உயர்த்தினால் நிற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அத்தனை நேரம் ஒன்றாக இருந்தது அன்றுதான்.

மதியம் அவன் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். ஏரியைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஃபைனலுக்கு நான் வந்திருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க ஜெயிச்சீங்களே, அந்த ஃபைனல். கையில கட்டு. மணிக்கட்டு முறிஞ்சிருந்துச்சு, அதனால எனக்கு ஆட்டமில்ல. பஸ் பிடிச்சு வந்து டிக்கெட் வாங்கி, மேல கடைசி வரிசையில உக்காந்தேன். முடிஞ்சதும் கீழ வரலாம்னு எழுந்தேன். படிக்கட்டு வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் போயிட்டேன்."

"ஏன்டா?"

"வந்து என்னன்னு சொல்றது?"

நான் சாண்ட்விச்சை மடித்து வைத்தேன். வெகு நாளாக என்னோடு இருந்ததைச் சொன்னேன். அவன் போனால் அவன் இடம் எனக்கு வரும் என்பதற்காகத்தான் அன்றைக்குப் போகச் சொன்னேன் என்றேன். அவன் போனை எடுக்காததும் வேலை மும்முரத்தால் இல்லை, வெட்கத்தால் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும். நீ போன்னுதான் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட கேட்டேன். எல்லாரும் இருன்னாங்க, இல்ல யோசின்னாங்க. போன்னு சொல்ல எனக்கு ஒரு ஆளு வேணும். பிரையர் சொன்னா அது கணக்கில்ல."

சாண்ட்விச் காகிதத்தைக் கசக்கிவிட்டு, "போனத விடு. போனை எடுத்திருக்கலாம் நீ" என்றான்.

எடுத்திருக்கலாம் என்றேன். அவன் கோப்பையில் மிச்சமிருந்த காப்பியை ஜன்னலுக்கு வெளியே கொட்டினான். இருட்டுவதற்குள் இன்னும் ஒரு மைல் அளந்து முடித்தோம்.

அடுத்த வசந்தத்தில் அவன் மேற்கே வயோமிங்கில் ஒரு மாவட்ட வேலைக்கு மாற்றிக்கொண்டு போனான். அங்கே பனித்தளமே இல்லை. யாருக்கும் அவன் பெயர் தெரியாது. அதுதான் வேண்டும் என்றான். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஏறிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்கிறேன். சில வாரம் எடுப்பான், சில வாரம் எடுக்க மாட்டான். அங்கே காற்று அதிகமாம், வீட்டுக்கும் வீட்டுக்கும் ஐந்து மைல் தூரமாம். போன வாரம் பேசியபோது, வெள்ளிக்கிழமையிலிருந்து பெட்ரோல் நிலையத்துப் பெண்ணிடம் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றான். குறையாகச் சொல்லவில்லை. அளந்து முடித்த சாலையின் நீளத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னான்.