பச்சை வளையல் துண்டுகள்

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. காசிமேட்டுக் கரையில் உடைந்த படகுகளை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. அப்போதுதான் எங்கள் ராயபுரம் சந்தில், அடுத்த வீட்டு வாசலில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகளைப் பார்த்தேன். பட்டாளத்தாரின் மனைவி அவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

பட்டாளத்தார் சிலோன் சண்டைக்குப் போய் வந்தவர். பிறகு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். அதிர்ந்து பேசமாட்டார். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். படிப்பு கிடையாது, ஆனால் யார் வாசலில் என்ன கிடந்தது என்பது மறக்காது. எங்கள் சந்து வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். சாவு என்றால் மேளம், ஆட்டம், வழிநெடுகச் சரவெடி. போகிறவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. சாவு போகும்போது பட்டாளத்தார் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். போன பிறகு வளையல் துண்டு வெளியே வரும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

“இன்னா தங்கச்சி, அடிக்கிறாரா?” என்று கேட்டேன்.

“அவரு கைய ஓங்குனதுகூட இல்லண்ணா.”

புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். “உனுக்கு இன்னாத்துக்குய்யா ஊர் வம்பு? கம்னு கெட,” என்றாள் என் வீட்டுக்காரி. கேட்டேனா? மீஞ்சூருக்கு ரயிலேறிப் பட்டாளத்தார் மனைவியின் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே அவன் ஆட்டோவில் வந்து, அவள் அழ அழ இழுத்துப்போனான். பட்டாளத்தார் தடுக்கவில்லை. “வழியில சாவு கீவு வந்தா, வண்டிய தள்ளி நிறுத்திக்கோ மச்சான்,” என்று மட்டும் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

அண்ணன் அவளைத் திருப்பி அனுப்பவே இல்லை. நானும் போய்க் கேட்கவில்லை. இரண்டு வருஷம் தனியாகக் கிடந்து, பட்டாளத்தார் நெஞ்சுவலியில் போய்விட்டார். சாவுக்குத்தான் அண்ணன் அவளைக் கூட்டிவந்தான். பட்டாளத்துக்காரர் ஆயிற்றே என்று இருப்பதிலேயே பெரிய சரமாக நான்தான் வாங்கிவந்தேன். பாடையைத் தூக்கும்போது கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே அவள் பாய்ந்து அவர்மேல் கவிழ்ந்தாள். இரண்டு கையாலும் அவர் காதைப் பொத்தினாள். மூங்கிலில் மோதி வளையல் நொறுங்கியது. சடங்குக்கென்று உடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

“நிறுத்துங்கண்ணா! அவரு பயந்துக்குவாரு!”

பிறகுதான் சொன்னாள். வெடி கேட்டால் குண்டு விழுகிறதென்று, அவளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே தானே கவிழ்ந்து மறைத்துக்கொள்வாராம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

அன்றைக்கு அந்தப் பச்சைத் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். இப்போதும் சந்தில் சாவு போனால் என் கண் தரையைத்தான் தேடுகிறது. எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. சந்துப் பையன்கள் என்மேல் பிரியமானவர்கள், சரம் சரமாக வாங்குவார்கள். இதைக் கேட்டவர்கள் யாராவது அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மேளம் போதும், வெடி வேண்டாம். அவள் திரும்பி வந்து அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்.