புகை தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு விஸ்கியை வாயில் விடும் வீடு கண்டியில் எங்களுடையதாக மட்டும்தான் இருந்திருக்கும். குடித்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பித்தளைப் படிக்கத்தில் துப்பினோம். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடும் சிங்கள அம்மா, நாங்கள் வாய் கொப்பளிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் தொண்டைக்கு நல்லதுதான், ஆனால் இவ்வளவு நேரம் கூடாது என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, “உங்கடை தொண்டையளைப் பற்றி ஊருக்கே கவலை” என்றாள்.

அக்காவின் கணவர், எனக்கு அத்தான், தேயிலை ருசி பார்ப்பவர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைக் கொம்பனியின் மேல்மாடி. வடக்கே மட்டும் ஜன்னல் வைத்த நீண்ட அறை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். அவற்றின் முன்னால் நடந்தபடியே ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளி உறிஞ்சித் துப்புவார். மலையின் எந்தப் பக்கத்து இலை, பறித்த அன்றைக்கு மழையா காற்றா, அடுப்பில் சூடு கூடிவிட்டதா என்பதெல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள் அவருக்கு வந்துவிடும். அந்த மூக்குக்காக வீட்டில் சட்டங்கள் இருந்தன. காலையில் தாளிக்கக்கூடாது. தலையில் பூ வைக்கக்கூடாது. சாம்பிராணி வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும், அதுவும் முற்றத்தில். “நான் குடும்பம் நடத்த வந்தனோ, இந்த மனுசன்ரை மூக்குக்குக் காவல் நிக்க வந்தனோ தெரியேல்லை” என்று அக்கா சொல்வாள். சொல்லிக்கொண்டே காவலும் நிற்பாள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது அக்காவும் அத்தானும் நகரத்துக்குள்ளே, வாகன ரயர் விற்கும் ஒரு தமிழரின் கடைக்கு மேல்மாடியில் இருந்தார்கள். கடைக்குத் தீ வைத்தபோது பின்வீட்டுச் சிங்களவர் இருவரையும் தன் விறகுக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ரயர் லேசில் எரிந்து முடிகிற பொருள் அல்ல. அணைந்ததுபோலக் கிடந்து மறுபடி மூளும். கறுப்பாக, கொழுப்பாக, பலகை இடுக்குகளால் உள்ளே வரும். ஒரு பகலும் ஓர் இரவும் அதைச் சுவாசித்தார்கள். பிறகு ஒரு பாடசாலையில் அகதிகளாகச் சில கிழமை. பிறகு வாவிக்கு மேலே மலைச்சரிவில் இந்தச் சின்ன வாடகை வீடு. படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கும் தங்கியிருந்த அறை போய்விட்டதால் நானும் வந்து சேர்ந்தேன்.

அத்தானின் மூக்குக்கு என்னவோ நடந்துவிட்டது என்பதை முதலில் கண்டது அக்காதான். ஒரு காலை மறதியாக வெங்காயமும் கடுகும் தாளித்துவிட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேண்டுமென்றே தாளித்தாள். அதற்கும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே சாம்பிராணி போட்டாள். அத்தான் பேப்பரை மெல்ல இறக்கினார்.

“எங்கையன் ரயர் எரியுதோ?”

அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. சோறு, சவர்க்காரம், மழை பெய்த மண், எல்லாவற்றிலும் அவருக்கு எரிந்த ரப்பர் மணந்தது. தேயிலையிலும்தான். தேயிலைக்குப் புகை மணம் பெரிய குற்றம். தொழிற்சாலை அடுப்பில் வெடிப்பு இருந்தால் புகை இலையில் ஏறிவிடும், அதைத் தள்ளிவிட வேண்டும். அத்தான் சில மாதமாக நல்ல தேயிலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளியதைக் கொழும்பில் வேறொருவர் பார்த்து நல்லது என்றார். மனேஜர் மரியாதையான மனிதர், நேரே ஒன்றும் கேட்கவில்லை. சித்திரைக்குப் பிறகு கொழும்பு ஆள் இங்கே வருவார், இரண்டு பேரும் ஒரே மேசையில் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். அத்தான் அதற்குப் பிறகு கண்ணால் வேலை செய்தார். தேநீர்ச் சாயத்தின் நிறம், ஊறிய இலையின் பளபளப்பு, இவற்றைப் பார்த்துச் சொல்லிச் சமாளித்தார். கொழும்பு ஆளுக்கு முன்னால் அது செல்லாது.

லண்டனிலிருந்த எங்கள் அண்ணன் வரச்சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா மனதளவில் ஏற்கனவே பெட்டி கட்டிவிட்டாள்.

“மூக்கும் போட்டுது. இனி என்ன இருக்கு இஞ்சை? போவம்.”

“போனது எண்டால் வாறன். போட்டுதோ எண்டு முதல் பாப்பம்.”

“எப்பிடிப் பாக்கிறது?”

“விஸ்கியிலை.”

அக்கா என்னைப் பார்த்தாள், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதுபோல.

அத்தானுடைய கணக்கு நேரானது. தேயிலையில் தன்னைத் தானே சோதிக்க முடியாது, கண் காட்டிக் கொடுத்துவிடும். விஸ்கியின் நிறத்தில் அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை. அதோடு, ஸ்கொட்லாந்தின் சில தீவுகளில் சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டியாக வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் தானியத்தை உலர்த்துகிறார்கள். தேயிலையில் குற்றமாவது அந்த விஸ்கியில் குணம். அவருக்கு வேலை பழக்கிய வெள்ளைக்காரர் அதைத்தான் குடிப்பாராம். புகை உள்ளது ஒன்று, இல்லாதவை மூன்று. எது என்று சொல்ல முடிந்தால் மூக்கு இருக்கிறது. முடியாவிட்டால் லண்டன்.

போத்தல்கள் கொண்டுவந்தவர் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர், அத்தானின் பழைய கூட்டாளி. புகை விஸ்கி துரை பங்களாவுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி விட்டுப்போனது. கலப்பு ஸ்கொட்ச் ஒன்றும் ஐரிஷ் ஒன்றும் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்தவை. நாலாவது உள்ளூர்த் தயாரிப்பு. அடையாளம் தெரியாதிருக்க அவற்றை மண்ணிறப் போத்தல்களுக்கு மாற்ற வேண்டுமென்று நான் பிலிமத்தலாவையிலிருந்த முஸ்லிம் நண்பரின் மருந்துக் கடைக்குப் போனேன்.

“என்னத்துக்கு மாஸ்டர் இவ்வளவு போத்தல்? ஊட்ல ஆருக்கும் இருமலா?”

“அத்தானுக்கு.”

“நாலு போத்தல் இருமல்,” என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றித் தந்தார். “ஞாயித்துக்கிழமைதான் கூட இருமும் போல.”

ஊற்றுவது யார் என்ற கேள்வி வந்தபோது அக்கா கையை நீட்டினாள். “தாங்கோ இஞ்சை. நீங்கள் மூண்டு பேரும் கள்ளர்.” அத்தான் தோற்க வேண்டுமென்று விரும்பிய ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் அத்தான் சரி என்றார். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினித் திரைக்குப் பின்னால் நின்று ஊற்றினாள், ஆறிய வெந்நீர் பாதியாகக் கலந்தாள், கோப்பைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அத்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் நாங்கள்.

முதல் ஞாயிறு அத்தான் நாலையும் துப்பிவிட்டுத் துவாயால் வாயைத் துடைத்தார். “நாலிலையும் புகை.”

கிளாக்கர் தன் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். படிக்கத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

“எனக்கு நாலுலயும் சந்தோசம்தாங்க ஐயா. துப்புறதுக்கு மனசு வரமாட்டேங்குது.”

“துப்பாமல் விட்டால் நாக்குக்குக் கடைசிக் கோப்பை தெரியாது, கிளாக்கர்.”

“எனக்கு மொதக் கோப்பையே போதுங்க.”

எனக்கு அந்தக் காலைகளில்தான் நாக்கு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. உள்ளூர்ச் சரக்கு முதலில் எரித்த சீனியாக இனித்தது, உடனேயே வார்னிஷ் பூசிய அலுமாரியைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது, அதற்குப் பிறகு சொல்ல அதற்கு ஒன்றுமில்லை. கலப்பு ஸ்கொட்ச் வெயிலில் கிடந்த வைக்கோல், பிஸ்கட் தகரத்தின் அடியில் கிடக்கும் தூள், நல்ல பழக்கவழக்கம். ஐரிஷ் மெல்ல வந்தது. பார்லிக் கஞ்சி, நறுக்கி வைத்த அப்பிள், கோபம் வராத ஒரு மாமன். தீவு விஸ்கி மட்டும் கோப்பைக்குள் நிற்காது. உப்பு, அயடின், ஈரக் கரி, மழையில் அணைந்த அடுப்பு. அதைத் துப்பிய பிறகும் நெடுநேரம் வாய்க்குள் யாரோ இருப்பார்கள். வடக்கிலிருந்து வானொலி கொண்டுவரும் செய்தியை அக்கா குசினியில் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் மறுபடி ஐரிஷுக்குப் போவேன், பிறகு தீவுக்கு, பிறகு தண்ணீருக்கு. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டேயிருப்பது எனக்குப் பிடித்தது. அத்தானுக்கு அது வேலை. வியர்க்க வியர்க்கச் செய்தார்.

சில வாரம் பிழையாகச் சொன்னார். கலப்பு ஸ்கொட்ச்சைத் தீவு என்றார், ஐரிஷைத் தீவு என்றார். பிழை என்று அக்கா சொல்லும்போது குரலில் ஒன்றும் இருக்காது. கோப்பைகளைக் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் உற்சாகமாக இருக்கும். பிறகு ஒரு ஞாயிறு சரியாகச் சொன்னார். அதற்கடுத்ததும் சரி. எப்படி என்று கேட்டேன்.

“ரயர் மணம் போகேல்லை, தம்பி. அது வாசலிலை நிக்குது. அதைத் தள்ளி நிண்டு காது குடுத்தால், உள்ளுக்கை வேறை ஒரு புகை இருக்கிறது தெரியுது. அது ஆற்றையோ வீட்டு அடுப்புப் புகை. சுகமான புகை.”

திரைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது.

கொழும்பு ஆள் வருவதற்கு முந்திய ஞாயிறு, போத்தல்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. அத்தானுக்கு மட்டும் ஊற்றும்படி சொன்னோம். அக்கா நாலு கோப்பையை வைத்துவிட்டுத் திரையோடு நின்றாள். அத்தான் முதலாவதை உறிஞ்சினார், துப்பினார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை இரண்டு தரம் எடுத்தார். திரும்ப முதலாவதுக்குப் போனார். அந்த வரிசையை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெளியே உடுப்புக் கொடியில் பக்கத்து வீட்டு அம்மா எதையோ உதறினார்.

கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒண்டிலையும் புகை இல்லை.”

கிளாக்கர் நிலத்தைப் பார்த்தார். முன்பு எல்லாவற்றிலும் புகை கண்டவருக்கு இப்போது இருக்கிற ஒரே புகையும் தெரியவில்லை. மூக்கு முழுதாகவே அடைத்துவிட்டது. கிளாக்கர் மெல்ல, “ஐயா, இன்னொரு தடவ பாக்கலாங்களே” என்றார்.

“பாத்தாச்சு. இல்லை.”

அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். “நான் அதை ஊத்தேல்லை” என்றாள்.

அத்தான் நிமிர்ந்தார்.

“ஒவ்வொரு கிழமையும் ஒண்டிலை புகை இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதானே சொல்லுறியள். நீங்கள் ஊகிச்சுச் சொல்லுறியள், மணந்து சொல்லேல்லை எண்டு நினைச்சன். அதுதான் இண்டைக்கு ஐரிஷை ரண்டு கோப்பையிலை விட்டன். பிடிபடுவியள் எண்டு பாத்தன்.”

“முதலாவதும் நாலாவதும்,” என்றார் அத்தான்.

“ஓம். முதலாவதும் நாலாவதும்.”

அந்தக் கோப்பைகளைத் தட்டோடு எடுத்துப்போய்க் கழுவியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் ஒருபோதும் தெரிந்திராது. சித்திரை முடிய நாங்கள் லண்டன் போயிருப்போம். அதை அவளும் அறிவாள். தட்டு அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அத்தான் சிரிக்கவுமில்லை, பெருமைப்படவுமில்லை. “அந்தப் போத்தலைக் கொண்டு வாரும்” என்றார். அவள் கையை நீட்டிப் பிடித்துக் கொண்டுவந்தாள், மற்றக் கையால் தலைப்பை மூக்கில் அழுத்தியபடி. இத்தனை வாரமும் அது குடிமணத்துக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

“ஒருக்கா மணந்து பாரும்.”

“எனக்கு வேண்டாம்.”

“எவ்வளவு நாள் ஊத்தினீர். ஒருக்கா.”

தலைப்பை இறக்கினாள். மூடியைத் திருகித் திறந்து போத்தல் வாயை முகத்துக்குக் கொண்டுபோனாள். உடனே எடுக்கவில்லை. பிறகு மூடியை இறுக்கிப் பூட்டினாள், மருந்துப் போத்தலைப் பூட்டுவதுபோல.

“இது எங்கடை பழைய வீடு” என்றாள்.

அத்தானுக்குச் சுகமான புகையாகத் திரும்பியது அவளுக்கு அந்த விறகுக் கொட்டிலாகவே இருந்திருக்கிறது. அவளுடைய மூக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதை யாரும் சோதித்ததுமில்லை. அத்தான் எழுந்துபோய்ப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கி, கிளாக்கரின் துணிப்பையில் வைத்தார்.

“இனி இது இந்த வீட்டுக்கை வேண்டாம், கிளாக்கர்.”

“தோட்டத்துல வச்சிக்கிறேங்க. அங்க எதுவும் வேஸ்ட்டாகாது.”

கொழும்பு ஆள் வந்தார். இருவரும் ஒரே மேசையில் பார்த்தார்கள். அத்தான் தள்ளிய இரண்டை அவரும் தள்ளினார். அத்தான் ஓய்வு பெறும்வரை அந்த வடக்கு ஜன்னல் அறையில்தான் இருந்தார், நாங்களும் கண்டியில்தான் இருந்தோம். பிறகு வந்த வருடங்களை எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலில் அடையாள அட்டை கேட்டவர்கள், நள்ளிரவில் அலுமாரியைக் கிளறியவர்கள், குண்டு வெடித்த அன்று பூட்டிய ஜன்னல்கள். அப்படி ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் அக்கா அத்தானுக்குக் கேட்கும்படி என்னிடம் சொல்வாள்: “அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு கோப்பையைக் கழுவியிருக்கவேணும்.” அத்தான் பேப்பரை மறுபக்கம் திருப்புவார். அவள் சொல்வது பிழை என்று நானும் சொன்னதில்லை.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, பாணும் பருப்பும் மேசைக்கு வந்தன. பருப்பு வெள்ளையாக, வெறுமனே அவித்தது. மாதக்கணக்காகக் கடுகும் வெங்காயமும் மணந்த குசினியில் ஒரு மணமும் இல்லை.

“தாளிக்கேல்லையோ?” என்று கேட்டார் அத்தான்.

“மூக்காலை உழைக்கிற மனுசனுக்கு என்னத்துக்குத் தாளிதம்?” என்று சொல்லிவிட்டு, அக்கா தலையிலிருந்த பூவைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்தாள்.