இருநூறு சீட், ஒரு லோடு கிழங்கு

சர்வர் பார்த்துக்கொள்கிறவனும் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவனும் ஒன்றுதான். தண்ணீர் வருகிற வரைக்கும் எங்களை ஒருவருக்கும் தெரியாது. "சைட் திறக்கல" என்று போன் வந்தவுடன் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிப் பழகியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே படகு.

கதவும் வீடும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். நான், என்னோடு வேலை பார்க்கும் ஜெயந்தி, சத்தம் போடும் ஒரு ஃபேன். ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலைக்கு டோக்கன் சைட் நடத்திக் கொடுத்தோம். முன்பெல்லாம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் ஆலை வாசலிலேயே நாள் கணக்கில் நின்று கிழங்கு வீணாகும். அதனால் திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு சைட் திறக்கும்; டோக்கன் எடுத்தவர், சொன்ன நேரத்துக்கு லோடோடு வந்தால் போதும்.

சைட்டுக்கு இரண்டு சர்வர். முன்னால் இருக்கும் வெப் சர்வர், வருகிறவர்களை வாங்கிப் பின்னால் அனுப்பும். பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வர் டோக்கன் போடும். முன்னது என் பொறுப்பு, பின்னது ஜெயந்தியின் பொறுப்பு. முன்னது ஒரே நேரத்தில் நானூறு பேரை வாங்கும், பின்னது இருநூறு பேரைத்தான் தாங்கும். இதை நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அறுவடை சூடு பிடித்த முதல் திங்கட்கிழமை, பத்தே காலுக்கு எல்லார் போனிலும் 'பிறகு முயலவும்' என்று வந்தது. நான் வெப் சர்வரைப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. ஆலை மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்டார்: "கதவு தொறந்துகினு கீது, வூடு பூட்டிகினு கீதுன்றீங்க. அது எப்டி சார்?"

அகலப்படுத்திய வாசல்

கூட்டம் அதிகம் என்றால் வாசலைப் பெரிதாக்க வேண்டியதுதானே? ஜெயந்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெப் சர்வரின் எல்லையை நானூறிலிருந்து எண்ணூறாக உயர்த்தினேன். புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எண்ணூறு பேரும் பின்னால் போய் முட்டினார்கள். அப்ளிகேஷன் சர்வர் மூச்சே விடவில்லை. நாங்கள் மத்தியானம் வரை போராடிப் பார்த்தோம். கடைசியில் மேனேஜர், மீதி டோக்கன் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்.

உதவிக்கு என்று சைட்டில் போட்டிருந்தது என் நம்பர். கல்வராயன் மலையிலிருந்து காசியம்மாள் என்று ஒருவர் கூப்பிட்டார். மலைக்கு லாரி நினைத்த நாளில் ஏறாது. அதனால் அங்கே ஐந்து குடும்பம் சேர்ந்து, டோக்கன் திறப்பதற்கு முந்தின நாளே கிழங்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். புதன்கிழமையே பிடுங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, எனக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னார்: "பூமிக்குள்ள இருந்தா கெழங்கு மாசக்கணக்குல இருக்கும் சார். வெளிய வந்துட்டா மூணு நாளுதாங்க. அப்பறம் உள்ள கருப்பு ஓடிடும், ஒரு சேகோவும் வாங்காது."

ஆறு கம்ப்யூட்டர்

ஆத்திரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே. யார் எப்போது வந்தார்கள் என்ற சர்வர் பதிவுகளைப் பார்த்தேன். மலை அடிவாரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து மட்டும் காலை ஒன்பது மணியிலிருந்தே விடாமல் வந்து தட்டியிருக்கிறார்கள். போன் போட்டேன். கடைக்காரர் பெருமையாகவே ஒப்புக்கொண்டார். மலையில் பல ஊர்களில் சிக்னல் கிடையாது. அவர்களுக்கெல்லாம் டோக்கன் போடுவது இவர்தான். சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஆறு கம்ப்யூட்டரிலும் சைட்டைத் திறந்து வைத்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெஃப்ரெஷ் அழுத்துவாராம்.

உங்களால்தான் எல்லாம் கெட்டது, இனிமேல் அந்த சைட்டைத் தொடாதீர்கள் என்று கத்திவிட்டேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஊருக்கெல்லாம் எடம் புடிச்சி குடுத்துக்கினு இருந்தேன். அது தப்புன்னா சரி சார், வுட்டுடறேன்."

துண்டு

ஜெயந்தி தினமும் தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் பஸ் ஸ்டாண்டு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போய் விழும். துண்டு கிடந்தால் அது ஆள் இருக்கிற சீட். துண்டுக்காரர் டீக்கடையில் நிற்பார், ஜெயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தன் சர்வரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இருநூறு இணைப்பும் நிரம்பியிருந்தன, ஆனால் ஒன்றில்கூட வேலை நடக்கவில்லை. என் வெப் சர்வர் ஒருவரை அனுப்பி வேலை முடிந்த பிறகும் அந்த இணைப்பை விடாமல், அடுத்த ஆளுக்கு ஆகும் என்று கையிலேயே பிடித்து வைத்திருந்தது. எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்று நான் சொல்லித்தரவே இல்லை. வாசலை அகலப்படுத்தியதில் பிடித்து வைக்கும் கைகள்தான் இரண்டு மடங்காகியிருந்தன. கடைக்காரரிடம் எதற்காகக் கத்தினேனோ, அதையே என் சர்வர் செய்துகொண்டிருந்தது. ஜெயந்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணா, இருநூறு சீட்டும் ஃபுல்லு. ஆனா ஒக்காந்துகினு இருக்கறது ஆளு இல்ல, துண்டு."

தேவலையா

சும்மா இருக்கும் இணைப்பை இருபது நொடியில் விட்டுவிட வெப் சர்வருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முன்வாசலையும் இருநூறுக்குக் குறைத்தேன். அரைமணி நேர வேலை. மேனேஜரிடம் கெஞ்சி, சனிக்கிழமை காலையிலேயே டோக்கன் திறக்க வைத்தேன். சைட்டிலும் அறிவிப்பு போட்டேன். எல்லாம் காசியம்மாளின் அந்த மூன்றாவது நாளுக்காகத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு முறை போன் செய்தேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. சரி, பிரவுசிங் சென்டரில் சொல்லிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சைட் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. பதினைந்து நிமிஷத்தில் டோக்கன் தீர்ந்தது. ஜெயந்தி டீ வாங்கி வந்தாள். நான் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன், மறுபடி கீழிருந்து மேலே பார்த்தேன். மலை ஊர் ஒன்றுகூட இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போன் செய்தால், தொடாதீர்கள் என்றீர்களே, நான் திறக்கவேயில்லை என்றார். சனிக்கிழமை டோக்கன் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மேனேஜரிடம் பேசி ஒரு லோடுக்கு மட்டும் இடம் வாங்கிக்கொண்டு காசியம்மாளைக் கூப்பிட்டேன். நாலாவது முறை எடுத்தார். டோக்கன் இருக்கிறது, இப்போதே லாரியை இறக்குங்கள் என்றேன். லாரி நேற்றே காலியாகத் திரும்பிப் போய்விட்டதாம். கருப்பு ஓடுவதற்குள், ஐந்து குடும்பமும் உட்கார்ந்து கிழங்கையெல்லாம் சீவிப் பாறையில் காயப் போட்டுவிட்டார்கள். ஆலைக்கு ஈரக் கிழங்குதான் ஆகும்; காய்ந்த சீவல் வெளியே அடிமாட்டு விலைக்குத்தான் போகும். தப்பு என்னுடையது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவருக்கு அது சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கேட்டார்: "அத்த வுடுங்க சார். ஒங்க சர்வருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே, இப்ப தேவலையாங்க?"

சர்வருக்கு அன்றைக்கே தேவலையாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.