முகர்ந்துவிட்ட அத்தர்

எங்கள் அகத்தில் பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் முகரக் கூடாது. தளிகை பண்ணும்போது ருசி பார்க்க மாட்டோம் என்பது பலருக்கும் தெரியும். வாசனையும் அப்படித்தான். பூத்தொடுக்கும்போது மல்லிகை தானாக மணந்தால் அதற்கு நாம் ஒன்றும் பண்ண முடியாது. ஆனால் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டால் அந்தப் பூ அவருக்கு ஆகாது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சாஸ்திரமெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

ஐப்பசி மாதம் எங்கள் அகத்துக் கிருஷ்ண விக்ரகத்துக்குத் திருமஞ்சனம் உண்டு. அது முடிந்ததும் அரைத்த சந்தனத்தில் ஒரு சொட்டு அத்தர் விட்டுச் சாற்றுவது வழக்கம். அந்த அத்தரை ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போய் வாங்கி வருவது என் மாமியாரின் உரிமை. அந்த ஒரு வேலையை அவர் பெற்ற பிள்ளைக்கே விட்டுக்கொடுத்ததில்லை. நான் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடுப்படி என் கைக்கு வந்துவிட்டது. பெருமாள் சாமான் இருக்கும் அலமாரியின் பக்கம் மட்டும் என்னை அவர் விட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஸ்நானத்துக்குப் போன மாமியார் வழுக்கி விழுந்து, கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிப் போயிற்று. திருமஞ்சனத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

“நான் போயிட்டு வரட்டுமா அம்மா?” என்று கேட்டேன்.

காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை நீட்டினார். “சந்தன அத்தர்னு கேளு. ஸ்ரீரங்கத்து மாமின்னா பாய்க்குத் தெரியும். தெறந்து காட்டறேன்னா வேண்டாம்னுடு. தெரிஞ்சுதா?”

தெரிந்தது என்றேன். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஏதோ பெரிய உத்தியோகத்துக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடை பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நான் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. பாய் இல்லை. அவருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள வாங்கம்மா, நனையாதீங்க. அவரு தொழுகைக்குப் போயிருக்காரு.”

நான் இன்னாருடைய மாட்டுப்பெண், சந்தன அத்தர் வேண்டும் என்றேன்.

“அட, அந்தம்மா வரலையா? சந்தனம் தீந்துபோச்சேம்மா. வர்ற சரக்கு மழையில மாட்டிக்கிச்சு. இதப் பாருங்க, மண் அத்தர். புதுசா வந்திருக்கு.”

“மண்ணா?”

“மண்ணுதாம்மா. சுட்ட மண்ணைக் காய்ச்சி, வர்ற ஆவியைச் சந்தன எண்ணெயில எறக்குறது. இந்த மாசத்துக்கு இதைவிட ஒண்ணு பொருத்தமா கெடைக்குமா?”

சந்தன எண்ணெய் என்றதும் எனக்குச் சமாதானம் ஆயிற்று. சரி, கொடுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் குப்பியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் என் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டார். பாயாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும். நானாவது கையை இறக்கிக்கொண்டிருக்கலாம். இறக்கவில்லை. மூக்குக்குக் கொண்டுபோனேன்.

வறண்டு கிடந்த காவிரி மணலைப் புதுத் தண்ணீர் வந்து தொடும்போது ஒரு வாசனை வருமே, அதுதான். அதற்குள் எங்கேயோ சந்தனம். வெளியே மழை, கைமேல் மழை. எனக்கென்று ஒரு வாசனைப் பொருள் வேண்டும் என்று நான் அதுவரை நினைத்தது கிடையாது. குளிக்க மஞ்சள், தலைக்குப் பூ, அவ்வளவுதான். இது என்னுடையது என்று அன்றைக்கு நினைத்தேன். மறுபடி ஒரு தரம் முகர்ந்தேன். அந்தக் குப்பியையே மூடிக் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்புகிற வழியில் பாலத்தின்மேல் வரும்போது கோபுரம் தெரிந்தது. கைகூப்பினேன். கூப்பிய கையிலிருந்து அந்த வாசனை முகத்தில் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. அவருக்கென்று வாங்கியதை அவருக்கு முன்னால் நான் முகர்ந்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் ஆயிரம் யோசனை. குப்பி கட்டினது கட்டினபடி இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. சொன்னால் ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு வேலை அன்றோடு போகும். இத்தனையும் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் திருமஞ்சனத்தன்று அந்தச் சந்தனத்தைச் சாற்றும்போது பெருமாள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வாசலில் செருப்பை விட்டதும் மாமியார் கேட்டார். “வாங்கிண்டு வந்தியா?”

“வாங்கினேன். ஆனா பெருமாளுக்கு ஆகாது. நான் முகந்துட்டேன் அம்மா.”

சந்தனம் கிடைக்காதது, மண் அத்தர், குச்சி, கை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். இரண்டு தரம் முகர்ந்ததையும் சொன்னேன். ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் அகத்துக்காரர் சட்டையைக் கழற்றாமல் நின்றார். மாமியார் கை நீட்டிக் குப்பியை வாங்கி, கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றேள் அம்மா?” என்றார் இவர்.

“பெருமாளுக்கு இல்லைன்னு ஆயிடுத்தே. இனிமே பாத்தா என்ன? இருபது வருஷமா வாங்கறேன், ஒரு தடவைகூடக் கடையில மூக்குல வெச்சுப் பாத்தது கெடையாது.” முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் திறக்கவே இல்லை. “இவளை ஒண்ணும் சொல்றதுக்கில்லை. நானா இருந்தா மூணு தரம் முகந்திருப்பேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“நாளைக்கு ஆபீஸ் போற வழியில நான் வேற வாங்கிண்டு வந்துடறேன்,” என்றார் இவர்.

“நீயா? நீ முகந்துட்டு வந்து முகரலைன்னு சொல்லுவே. அவளே போகட்டும். இதே மண் அத்தரையே வாங்கிண்டு வரட்டும்.”

மறுநாள் போனேன். விஷயத்தைக் கேட்ட கடைக்கார அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார். “அய்யோ, எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப இன்னிக்கு மோந்து பாக்காமயேவா வாங்குவீங்க?”

“உங்க வார்த்தையை நம்பித்தான் வாங்கறேன்.”

அவர் அலமாரியில் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அந்த வருஷம் சந்தனக் காப்பில் மழை மணத்தது. சேவிக்க வந்த பக்கத்தகத்து மாமி, “இது என்ன வாசனைடீம்மா, மழை பேஞ்சாப்ல இருக்கே?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “எங்காத்து மாட்டுப்பொண் கண்டுபிடிச்சது.” பெருமாள் சந்நிதியில் பெருமைப்படக் கூடாதுதான். பட்டேன். இப்போது எழுதும்போதும் படுகிறேன்.

முகர்ந்துவிட்ட குப்பி எனக்கே வந்தது. அன்றிலிருந்து ஐப்பசி மாதத்தில் தினமும் பெருமாளுக்குத் திருவாராதனம் ஆனபிறகு காதுக்குப் பின்னால் ஒரு தொடுதல். மாமியாரும் கோவிலுக்குக் கிளம்பும்போது புறங்கையை நீட்டுவார்.

அடுத்த ஐப்பசிக்கு அவர் கால் நன்றாகச் சரியாகிவிட்டது. அவர்தான் போவார் என்று நினைத்து நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை என் மடியில் கொண்டுவந்து போட்டார்.

“ரெண்டு குப்பியா வாங்கு. அவருக்குள்ளதை மூடினபடி வாங்கு. நமக்குள்ளதைத் தெறந்து, நன்னா பாத்தே வாங்கு.”