ராங்கெலின் தலையில் விழுந்த தயிர்

பல்கேரியாவின் ஷூமென் நகரச் சந்தையில் எனக்குத் தேன் கடை. பக்கத்துக் கடை ஸ்த்ராவ்காவுடையது. பதினொரு எருமைகளும் ராங்கெல் என்றொரு கணவனும் அவளுக்கு உண்டு.

முன்பெல்லாம் பாலைப் பால்பண்ணை வண்டிக்காரனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன், "இத்தனூண்டு பாலுக்கு இவ்வளவு தூரம் வண்டி வராதும்மா. நூறு மாடு கட்டு, இல்லேன்னா இருக்கிறதையும் வித்துடு" என்றான்.

"நூறு மாட்டுக்குப் பேர் வச்சு முடிக்கிறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன், போ!" என்றவள், மறுவாரமே மண்சட்டிகளில் தயிர் உறையவைத்துக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள்.

பெரிய கடையில் பாதி விலைக்குத் தயிர் கிடைக்கும்போது இவளிடம் யார் வாங்குவார்கள்? ராங்கெலை முக்காலியில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றி, வழுக்கைக்கு மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்தாள். சொட்டுகூட விழவில்லை.

"கடைத் தயிரை இப்படிக் கவுத்துக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்!"

அன்றிலிருந்து காலை பத்து மணிக்குள் சட்டிகள் காலியாகின. கூட்டம் பெருகியது, எருமைகள்தான் பெருகவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு அவள் போயிருந்த சமயத்தில், கேன் கேனாகப் பசும்பாலை வாங்கிக் கலந்து ராங்கெலே உறை ஊற்றிவிட்டான்.

அவள் திரும்பி வந்து சனிக்கிழமை வழக்கம்போல் கவிழ்த்தாள். தொப்! முழுத் தயிரும் அவன் மண்டையில் விழுந்து மீசைவரை வழிந்தது. சந்தையே சிரித்தது. அவள் அவன் நெற்றியிலிருந்து ஒரு விரல் வழித்து நக்கிப் பார்த்தாள்.

"யோவ், இது யார் வீட்டுப் பால்?"

"பசும்பால்... கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டா?"

"பாதி."

சட்டி கை நழுவியது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என நினைத்தேன். அவளோ கூட்டத்தைப் பார்த்து, "இன்னைக்குத் தயிர் கலப்படம். செஞ்சது என் வீட்டுக்காரர்தான். ஒரு சட்டிகூட விக்கமாட்டேன்" என்று உரக்கச் சொன்னாள்.

"பாதி விலைக்காவது குடேன்" என்றார் ஒருவர்.

"பன்னிக்கு ஊத்தினாலும் ஊத்துவேன், உங்களுக்குத் தரமாட்டேன்!"

கதை முடிந்தது என்று நான் வருத்தப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தால், வரிசை என் கடையைத் தாண்டி முட்டைக்கோஸ்காரி வரை நீண்டு நிற்கிறது!

அதன் பிறகு, ஐந்தாறு எருமைகளோடு திண்டாடிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்களை அவள் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்கும் வருவதை நிறுத்தியிருந்தான் அதே பால்பண்ணை வண்டிக்காரன். தினமும் அங்கே போய்ப் பால் எடுத்துவருவது ராங்கெலின் வேலை. ஸ்த்ராவ்காவும் கூடவே போகிறாள்.