கிறைம் பாட்டுக்கு ஒரு வெளியீட்டு விழா

மகள் தன் புதுப் பாட்டு வெளிவரப் போகிறது என்று சொன்னதும் நான் செய்த முதல் வேலை, மண்டபம் பிடித்தது. எங்கள் ஆட்களில் யாராவது ஒரு கவிதைப் புத்தகம் போட்டாலே விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல் என்று ஒரு பின்னேரம் முழுக்க விழா நடக்கும். ரொறன்ரோவில் கண்டவன் நின்றவன் வெளியீட்டுக்கெல்லாம் போய் வடை தின்று வந்தவன் நான். என் பிள்ளைக்கு மட்டும் சும்மா விடுவேனா?

அவள் கலியாண மண்டபங்களில் மெல்லிய காதல் பாட்டுப் பாடிப் பெயர் எடுத்தவள். கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் நான்தான். கடைசிப் பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் குளிரில் காரைச் சூடாக்கி வைக்காவிட்டால் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும்.

"அப்பா, இது சிங்கிள். ஒரே ஒரு பாட்டு. ஓன்லைன்ல வரும். ஒருத்தரும் உதுக்கு ஹோல் எடுக்கிறேல்லை," என்றாள். முதற்பிரதி என்று கையில் கொடுக்க ஒரு சாமானும் இல்லையாம். அதற்குள் அழைப்பிதழ் எல்லாருக்கும் போய்விட்டது.

அதன் பிறகுதான் பாட்டைப் போட்டுக் காட்டினாள். எனக்குத் தலை சுற்றியது. லண்டன் பிள்ளைகள் தொடங்கிய வகையாம், பெயர் கிறைம், அழுக்கு என்று அர்த்தமாம். மேளம் நெஞ்சில் குத்த, மகள் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். தமிழ்தான். ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"ஆரோடை சண்டை பிடிக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரோடையும் இல்லை," என்றாள். முகம் வாடிவிட்டது.

மறுநாள் பிறம்ரனில், நான் வேலை செய்யும் கிடங்கில், பெட்டிகளை இடம் மாற்றி அடுக்கிப் பேச்சு வாங்கினேன். என் மானம் போனால் போகட்டும். நானே கூட்டிய சனம் என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் அவள் இனி வாய் திறப்பாளா? அதுதான் பயம். போதாக்குறைக்கு, ஆய்வுரைக்கு நான் பிடித்திருந்தது ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரை. கவிஞர்களை மேடையிலேயே வைத்துக் கிழித்துவிடுவார்.

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பூத்தட்டின் நடுவே மகளின் போனை வைத்து, முதற்பிரதி வாங்க வந்த நகைக்கடை முதலாளியிடம் நீட்டினோம். அவர் இரண்டு கையாலும் வாங்கி, படத்துக்குச் சிரித்து, விரலால் அமத்தினார். ஒலிபெருக்கியில் பாட்டு வெடித்தது. முன்வரிசை மாமிமார் காதைப் பொத்தினார்கள். மகள் மேடையில் தலை குனிந்து நின்றாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பிறகு வாத்தியார் எழுந்தார். பாட்டின் வரிகளை மகளிடம் முதலே கேட்டு வாங்கியிருந்தார். ஆய்வுரை என்றால் வரிகளை நிறுத்தி வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேவாரம் படிப்பதுபோல வாசித்தார்.

"கடைசிப் பாட்டு முடியமுதல் கதவைத் திறந்து போயிடுவார்,
கைதட்டி ஒருநாளும் நான் காணேல்லை.
ஸ்னோவுக்கை நிண்டு காரைச் சூடாக்கி வச்சிருப்பார்,
குளிர் ஒருநாளும் என்னைத் தொடேல்லை."

சளசளத்துக்கொண்டிருந்த மண்டபம் அடங்கியது.

"பிள்ளை வேகமாப் பாடினதாலை எங்களுக்கு விளங்கேல்லை. இது தகப்பனுக்குப் பாடின பாட்டு," என்றார் வாத்தியார். "திருப்பிப் போடுங்கோ."

இரண்டாம் முறையும் அதே மேளம், அதே வேகம். இப்போது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. காதைப் பொத்திய மாமி ஒருத்தி தாளத்துக்குத் தலையாட்டினாள். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். எல்லாரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டே நின்றேன். "தட்டினது காணுமப்பா, இருங்கோ," என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

விழா முடிந்து வெளியே வந்தபோது கார் ஐஸ் பிடித்துப்போய்க் கிடந்தது. சூடாக்க மறந்துபோனேன். மகள் பல் கிடுகிடுக்க ஏறி உட்கார்ந்தாள்.

"குளிருது அப்பா," என்று சொல்லிச் சிரித்தாள்.