மெர்லின் டீச்சரும் ஹேண்ட்பிரேக்கும்

ஆவூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மெர்லின் கணக்கு டீச்சர். அங்கே எது பழுதானாலும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கணவர் அமல்ராஜ் குவைத்தில் டிரைவர். எட்டு மாதத்துக்கு முன்பு விடுப்பு முடிந்து அவர் கிளம்பிய பிறகு, வீட்டிலிருந்த பழைய காரை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாமியார் ஜெபமாலையம்மாளை முட்டிவலிக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு, குன்றாண்டார்கோவிலில் ஒரு மருந்துக்கடை முன்னால் காரை நிறுத்தினாள். அந்த இடம் நல்ல சரிவு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"நான் எறங்கல. நீ வாங்கிட்டு வா" என்று மாமியார் முன்சீட்டிலேயே இருந்துகொண்டார்.

மருந்துச் சீட்டை நீட்டி மாத்திரைக்காக நின்றிருந்தவளின் தோளுக்கு மேலாகக் கடைக்காரர் வெளியே பார்த்தார்.

"டீச்சர், வண்டிய யாரு எடுக்குறா?"

திரும்பினாள். கார் போய்க்கொண்டிருந்தது. ஆள் நடக்கும் வேகம்தான். ஓட்டுபவர் இருக்கையில் யாருமில்லை. ஜெபமாலையம்மாள் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுப்பது பின்கண்ணாடி வழியே தெரிந்தது. இழுக்க இழுக்க அது சும்மா மேலே வந்தது. மெர்லின் ஓடினாள். கதவின் கைப்பிடியில் விரல் பட்டது, வழுக்கியது. வண்டியின் வேகம் கூடிவிட்டது. கீழே பேருந்து நிற்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

சாலை அங்கே லேசாக வளையும். கார் வளையாமல் நேராகப் போய், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது.

மாமியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கையில் ஜெபமாலை இருந்தது. "இழுத்தேன், நிக்கல" என்றார். மணலிலிருந்து வண்டியை எடுத்து மெதுவாக ஓட்டி வீடு வரும்வரை அதையே நாலு தடவை சொன்னார்.

மெக்கானிக்கிடம் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அன்புமொழி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"எது விட்டுப்போச்சுன்னு நான் என் கண்ணால பாக்கணும்க்கா" என்றாள் மெர்லின். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பின்கண்ணாடிதான்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தாள். கொல்லையில் சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்தாள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, தடித்த மரக்கட்டைகளை அடியில் வைத்து இறக்கினாள். வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் தலையை நீட்டினாள். ஹேண்ட்பிரேக்கிலிருந்து இரண்டு கேபிள்கள் பின்சக்கரங்களுக்குப் போகின்றன. வலது கேபிள் துருவேறி உறைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. அது வேலை செய்து எத்தனை காலமோ. இடது கேபிளைத் தடவிக்கொண்டே போன விரலில் ஒரு முடிச்சு தட்டியது.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கேபிள் முன்பே அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனைகளையும் பச்சை பிளாஸ்டிக் சுற்றிய கம்பியால் யாரோ முறுக்கிக் கட்டியிருந்தார்கள். இப்போது அந்தக் கம்பியும் நெகிழ்ந்து, ஒரு முனை உருவிக்கொண்டு வந்திருந்தது.

வெளியே வந்து நிமிர்ந்தாள். எதிரே துணி காயும் கொடி. அதே பச்சைக் கம்பி. அமல்ராஜ் குவைத்துக்குப் போவதற்கு முந்தின நாள் கட்டிக்கொடுத்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போனது இந்த வண்டியில். சரிவிலும் மேட்டிலும் நிறுத்தி வைத்ததெல்லாம் இந்தக் கம்பியை நம்பித்தான்.

போனை எடுத்துப் படம் அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"என்னங்க, இது நீங்க கட்டுனதா?"

"கெளம்புற அவசரம். கேபிள் மாத்தச் சொல்லணும்னு இருந்தேன். மறந்துபோச்சு மெர்லின்."

"அத்தை உள்ள இருந்தாங்க."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிற மனிதர்.

கீரனூருக்குப் பேருந்தில் போய் இரண்டு கேபிள்களும் பிரேக் ஷூவும் வாங்கி வந்தாள். பின்சக்கரங்களின் டிரம்மைத் தட்டிக் கழற்றி, ஸ்பிரிங் இருக்கும் விதத்தைப் படம் எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒரு ஸ்பிரிங் தெறித்துப் புறங்கையைக் கிழித்தது. ஹேண்ட்பிரேக்குக்கு அடியிலுள்ள நட்டைத் திருகி, பிடியை இழுக்கையில் ஐந்தாவது 'கிளிக்'கில் சக்கரம் இரண்டும் பிடிக்கவும், விட்டால் தடையில்லாமல் சுற்றவும் செய்து முடிக்க மறுநாள் மாலையாகிவிட்டது.

ஏரிக்கரைச் சரிவில் தனியாகப் போய்ச் சோதித்தாள். வண்டி அசையவில்லை. ஆனாலும் பிடியிலிருந்து கையை எடுக்க அவளால் முடியவில்லை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அமல்ராஜ் மறுபடி அழைத்தார். போனை மாமியாரிடம் கொடுத்தாள்.

"நீ நல்லா இருக்கியாய்யா?" என்று ஜெபமாலையம்மாள் கேட்டார். அதன் பிறகு, "ஒம் பொண்டாட்டிகிட்ட பேசு. என்கிட்ட இல்ல" என்று போனைத் திருப்பி நீட்டினார்.

மெர்லின் வாங்கிக் காதில் வைத்தாள். "ரெண்டு கேபிளும் புதுசா மாத்திட்டேங்க" என்றாள்.